18 மாதம், மூன்று முகக்கவசங்கள்: கோத்தகிரி தோட்டத்து அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வழியோரப் புல்லை பிரஷ் கட்டரால் நானே வெட்டுவேன். ஒருநாள் சரளைக் கல் தெறித்துப் புருவத்தில் பட்டது. கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அதற்கப்புறம் வெறும் முகத்தோடு மெஷினைத் தொட்டதில்லை.

முதலில் வாங்கியது பாலிகார்பனேட் என்கிற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கவசம். கடையில் போட்டுப் பார்த்தபோது பளிச்சென்று தெரிந்தது. ஐப்பசி மழை விட்ட காலையில் தோட்டத்தில் போட்டால், பத்தே நிமிடத்தில் உள்ளே ஆவி கட்டிவிட்டது. மூச்சின் சூடு குளிர்ந்த பிளாஸ்டிக்கில் பட்டால் நீர் பூக்கத்தானே செய்யும்? மூக்குக்கண்ணாடி போடுகிற எனக்கு இரண்டு திரை. பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் தடவித் துடைத்தால் நீர் முத்துமுத்தாக நிற்காமல் படலமாகப் பரவும். அரை மணி நேரம் தாங்கும். ஆனால் மண்ணோடு சேர்த்துத் துடைத்ததில் கீறல் விழுந்து, ஆறு மாதத்தில் எதிர்வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. முதலில் தண்ணீரில் அலசியிருக்க வேண்டும்.

அடுத்தது கம்பி வலைக் கவசம். இதுதான் நிலைத்தது. ஆவி கட்டாது, காற்று வரும். பின்னால் திருகி இறுக்கும் பட்டை என்பதால் மூன்று மணி நேரம் போட்டாலும் நெற்றி வலிக்கவில்லை. குறை என்றால், சில்வர் ஓக் மர நிழலில் பார்வை மங்கும். புல்லுக்குள் கிடக்கும் கல் கண்ணில் படாது. நிழல் பகுதியை உச்சி வெயில் நேரத்துக்குத் தள்ளிவைக்கிறேன். பொடிக்கல்லும் புல் சாறும் வலை வழியே வரும். அதனால் உள்ளே பக்கங்கள் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். நான் பவர் வைத்தே செய்துகொண்டேன்.

மருந்து அடிக்க வலை உதவவே உதவாது. என்95 மாஸ்க்கும் போதாது. அது துகளைத்தான் பிடிக்கும், மருந்தின் ஆவியைப் பிடிக்காது. ரசாயன ஆவியைப் பிடிக்கும் கேட்ரிட்ஜ் (வடிகட்டி டப்பா) வைத்த, மூக்கையும் வாயையும் மட்டும் மூடும் அரை முகக்கவசமும், ஓரம் மூடிய காகிள்ஸும் வாங்கினேன். மூச்சு வால்வு வழியே கீழ்ப்பக்கம் போவதால் காகிள்ஸில் ஆவி குறைவு. கூட வேலை செய்யும் அண்ணன் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, ஓரத்துல மருந்து வாடை வருதே" என்றார். காரணம் அவருடைய மூன்று நாள் தாடி; கவசத்தின் ஓரம் தோலோடு ஒட்டவில்லை. இப்போதெல்லாம் மருந்தடிக்கிற நாளில் இருவரும் சவரம் செய்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு வருகிறோம்.

வலையின் ஓரம் இப்போது துருப்பிடிக்கிறது. வலை மட்டும் தனியாகக் கிடைக்கிறது. தலைப்பட்டை இன்னும் பழையதேதான்.