வெயிலூரில் எந்த மாஸ்டிஃப்?

2022 ஆடியில் வேலூர் மாவட்டத்துக் குடியாத்தம் பக்கம் இருக்கும் மாமனாரின் மாந்தோப்புக்குக் காவல் நாய் தேடினோம். “மாஸ்டிஃப் வாங்கலாம் மாமா” என்றேன். “எந்த மாஸ்டிஃப்?” என்று அவர் கேட்டபோதுதான் விழித்தேன். அது ஓர் இனத்தின் பெயர் என்றே அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு பெரிய குடும்பம். இங்கிலீஷ், பிரெஞ்ச், நியாபாலிடன், புல்மாஸ்டிஃப், கேன் கோர்சோ என்று பங்காளிகள் ஏராளம். நாங்கள் கடைசியில் வாங்கியது புல்மாஸ்டிஃப். அதனால் என் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் பொதுவானதை முதலில் முடித்துக்கொள்வோம். பெரிய தலை, தொங்கும் உதடு, எச்சில். இடுப்பு மூட்டுத் தேய்மானம் எல்லாவற்றிலும் உண்டு. வயிறு காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. அதனால் ஒரே வேளையில் அண்டா நிறையப் போடாமல், இரண்டு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். குட்டி சீக்கிரம் வளரட்டும் என்று கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால் எலும்பு கோணும். இவை எந்த மாஸ்டிஃப் வாங்கினாலும் வரும் பாடு.

திபெத்திய மாஸ்டிஃப்பை இரண்டு வரியில் தள்ளிவிடலாம். இமயத்துக் குளிருக்கு இரட்டை அடுக்கு ரோமம் போர்த்திய நாய் அது. அதைக் காட்பாடி மாடியில் கட்டுபவரிடம் எனக்குப் பேச்சில்லை.

இங்கிலீஷ் மாஸ்டிஃப்தான் பரம்பரைப் பெருமை அதிகம் உள்ளது. 1989இல் சோர்பா என்ற நாய் 155 கிலோ எடை காட்டி கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. கரடியோடும் காளையோடும் மோதவிடும் கொடுமையை பிரிட்டன் 1835இல் சட்டம் போட்டுத் தடுக்கும்வரை, இதன் முன்னோர்களுக்கு அதுதான் பிழைப்பு. இன்று அதன் குணமோ பசுவுக்குச் சமம். இந்தியாவுக்கு அது வந்த கதை சுவையானது. ஜஹாங்கீர் அவைக்கு 1615இல் வந்த ஆங்கிலத் தூதர் சர் தாமஸ் ரோவின் காலத்தில், மாஸ்டிஃப் நாய்கள் பாதுஷாவுக்குப் பரிசாகப் போயின. ஒவ்வொன்றையும் பல்லக்கில் தூக்க நான்கு ஆள், பக்கத்தில் ஈ விரட்ட இரண்டு ஆள், வாயில் ஊட்ட வெள்ளி இடுக்கி என்று பாதுஷா ஏற்பாடு செய்தாராம். ரோவோடு இருந்த பாதிரியார் எட்வர்ட் டெரி எழுதி வைத்திருக்கிறார். படித்தபோது சிரித்தேன். இப்போது யோசித்தால், நம் ஊரில் 80 கிலோ நாயை வைத்திருக்க அவ்வளவு ஆள் வேண்டும் என்றே படுகிறது.

நியாபாலிடனுக்கு முகமே தோல் மடிப்பால் ஆனது. 1946இல் நேப்பிள்ஸ் கண்காட்சியில் பியரோ ஸ்கான்சியானி என்ற பத்திரிகையாளர் கண்டு மீட்டெடுத்த பழைய இனம். பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் ஒவ்வொரு மடிப்பையும் தினமும் துடைத்து உலர்த்த வேண்டும். வேர்க்குருவும் படையும் மனிதருக்கே தாங்காத ஊரில் அது எனக்கு ஆகாத வேலை.

ஆக, கடைசிவரை போட்டியில் நின்றவை மூன்று: பிரெஞ்ச் மாஸ்டிஃப், புல்மாஸ்டிஃப், கேன் கோர்சோ. இதில் விலை, தீனி, அழகு என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். எனக்கு வெயில் ஒன்றுதான் கணக்கு.

‘மரமில்லா மலை, நீரில்லா ஆறு, சாமியில்லாக் கோயில்’ என்று வேலூரைப் பற்றிச் சொல்வார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டதால் மூன்றாவது தீர்ந்தது. முதல் இரண்டும் அப்படியே இருக்கின்றன. மொட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் நம் மேல் கக்குகிறது. கத்திரியில் 42 டிகிரி என்பது இங்கே செய்தியே அல்ல.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தடியில் மட்டும் கொஞ்சம் கசியும். இரைத்து இரைத்து, மூக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்றியாக வேண்டும். முகவாய், அதாவது மூக்கும் வாயும் முன்னே நீண்டிருக்கும் பகுதி, குட்டையானால் அந்த ஈரப்பரப்பு குறைகிறது. மூச்சுப்பாதை நெருக்கமாக இருந்தால் இரைப்பதற்கே பாடுபட்டு உடம்பு இன்னும் சூடாகிறது. இந்த மூன்றில் முகவாய் மிகக் குட்டையாக இருப்பது பிரெஞ்ச் மாஸ்டிஃப்புக்குத்தான். பிரிட்டனில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை அலசிய 2020ஆம் ஆண்டு ஆய்வில், லாப்ரடாரோடு ஒப்பிட்டால் இந்த இனத்துக்கு வெப்பத்தாக்கு வரும் வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு என்று கண்டார்கள். அதுவும் இங்கிலாந்து வெயிலில்!

ஆய்வைப் படிப்பதற்கு முன்பே நான் கண்ணால் பார்த்துவிட்டேன். ஆற்காட்டில் என் பெரியம்மா மகன் பிரெஞ்ச் மாஸ்டிஃப் வைத்திருந்தார். ஒரு மே மாத மதியம், மின்சாரம் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மர அறுவை மில் போல ஒரு சத்தம். உள்ளே போனால், சிவப்புச் சிமெண்ட் தரையில் நாய் நான்கு காலையும் பரப்பிக் கிடந்தது. நாக்கு செங்கல் நிறத்தில் வெளியே தள்ளி, நுனி அகன்று மடிந்திருந்தது. எச்சில் பசையாக நூல்விட்டது. அண்ணன் கோணிச் சாக்கை நனைத்து அதன்மேல் போர்த்தியிருந்தார். வந்த கால்நடை மருத்துவர் முதல் வேலையாக அந்தச் சாக்கை உருவி எறிந்தார். போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடுமாம். தண்ணீரை ஊற்றிக்கொண்டே விசிற வேண்டுமாம். வெப்பமானி 106 பாரன்ஹீட் காட்டியது. 101, 102 இருக்க வேண்டிய இடம். நானும் அண்ணியும் முறத்தால் மாறி மாறி விசிறினோம். நாய் அன்று பிழைத்தது. அடுத்த வாரமே அதற்கென்று ஓர் அறையில் ஏசி மாட்டினார்கள். மின்சாரம் போனாலும் ஓட இன்வெர்ட்டரும் சேர்ந்தது. “நாய் வாங்கவில்லை தம்பி, மருமகன் எடுத்திருக்கிறேன்” என்றார் அண்ணன். அந்த இனத்தின் ஆயுளே ஐந்து முதல் எட்டு ஆண்டு என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

புல்மாஸ்டிஃப்புக்கும் குட்டை முகவாய்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. இதைவிட முக்கியமானது, அது எதற்காக உருவாக்கப்பட்டது என்பது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துப் பண்ணைகளில் இரவில் திருட்டு வேட்டைக்கு வருபவர்களைப் பிடிக்க, மாஸ்டிஃப்பையும் அக்காலப் புல்டாகையும் கலந்து காவலர்கள் உருவாக்கிய நாய் இது. 60 பங்கு மாஸ்டிஃப், 40 பங்கு புல்டாக் என்பது வாய்ப்பாடு. 1924இல் அங்கே தனி இனமாக ஏற்கப்பட்டது. குரைக்காமல் நெருங்க வேண்டும், ஆளைக் கடித்துக் குதறாமல் கீழே தள்ளி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பதுதான் பயிற்சி. இருட்டில் தெரியாமல் இருக்க, கறுப்பு வரிகள் ஓடும் கருவரி நிறத்தையே விரும்பினார்கள். அதாவது, இது பிறவியிலேயே இரவு டூட்டிக்காரன்.

மாந்தோப்புக்கும் இரவில்தானே காவல் வேண்டும்? எங்கள் புல்மாஸ்டிஃப்பின் பெயர் மைனா; கருவரி, 46 கிலோ. கத்திரி வந்தால் காலை 9 மணிக்கு மோட்டார் கொட்டகைக்குள் போய், தொட்டியிலிருந்து வழியும் ஈர மண்ணில் வயிற்றை ஒட்டிப் படுத்துவிடும். மாலை 6 மணிவரை கண்ணெதிரே கோழியைத் தூக்கிக்கொண்டு போனாலும் எழாது. இருட்டிய பிறகு அது வேறு நாய். போன பருவத்தில் ஒரு நள்ளிரவு, பக்கத்து நிலத்துக்காரர் மோட்டார் போட எங்கள் வரப்பு வழியாக வந்திருக்கிறார். சத்தமே இல்லை. மாமனார் தற்செயலாக எழுந்து டார்ச் அடித்தபோது, மனிதர் மல்லாந்து கிடக்கிறார். மார்மேல் இரண்டு முன்னங்கால். உடம்பில் ஒரு பல் தடம் இல்லை; சட்டை முழுக்க எச்சில். மறுநாள் புது வேட்டி சட்டை வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தோம். இப்போது அவர் தூரத்திலிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறார்.

வெயிலை மட்டும் வைத்துப் பார்த்தால் கேன் கோர்சோ முந்தியிருக்கக் கூடும். மூன்றிலும் கச்சிதமான உடம்பு, ஆயுளும் ஒன்பது முதல் பன்னிரண்டு ஆண்டு. நான் நெருங்கிப் பழகியது வாலாஜாவில் ஒன்று, ஆம்பூரில் ஒன்று என இரண்டோடுதான். அதை வைத்து இனத்துக்கே தீர்ப்பெழுத மாட்டேன். இரண்டும் பகலிலும் ஓயாமல் வேலை கேட்டன, புது ஆளைக் கண்டால் எடைபோட்டன. காய் பறிக்கத் தினம் ஒரு புதுக் கூலியாள் வரும் தோப்புக்கு அது சரிப்படாது என்று பட்டது. காலை மாலை ஒரு மணி நேரம் நாயோடு செலவழிக்க முடிந்தவர் வேறு முடிவு எடுக்கலாம்.

ஒரு சட்டச் சங்கதியும் உண்டு. 2024 மார்ச்சில் மத்திய அரசு தடை செய்யச் சொல்லி அனுப்பிய 23 இனங்களின் பட்டியலில் மாஸ்டிஃப்பும் கேன் கோர்சோவும் இருந்தன. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. வாங்கும் நாளில் உங்கள் ஊர் விதி என்ன என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

குட்டி பார்க்கப் போவதானால் ஏப்ரலிலோ மே மாதத்திலோ, பகல் 2 மணிக்குப் போங்கள். குட்டியைத் தூக்கிக் கொஞ்சுவதற்கு முன் தாய் படுத்திருக்கும் இடத்துக்குப் போய், பேசாமல் ஐந்து நிமிடம் அதன் மூச்சைக் கேளுங்கள். சும்மா படுத்திருக்கும்போதே குறட்டையும் இழுப்பும் கேட்டால் குட்டிக்கும் அதுதான் வரும். “வெயிலில் ஏன் சார் அலைகிறீர்கள், சாயந்திரமாக வாருங்கள்” என்று விற்பவர் சொன்னால், வேறு ஆளைப் பாருங்கள்.