மீன்தொட்டி ஸ்க்ரீன்சேவருக்கு நான் கொடுத்த விலை

ஊருக்கெல்லாம் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன் நான். பட்டா மாறுதல், முதியோர் ஓய்வூதியம், பான் கார்டு, கல்லூரிச் சேர்க்கை என்று நாள் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கும். "ஓடிபியை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று வாரத்துக்குப் பத்துப் பேருக்காவது புத்தி சொல்வேன். அப்படிப்பட்ட நான் நாலு மீனுக்காக ஏமாந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னைப் போலக் கடை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் எழுதுகிறேன்.

கடை தாலுகா ஆபீஸுக்கு எதிரே. இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றின் மானிட்டர் பெஞ்சில் காத்திருப்பவர்களைப் பார்த்தபடி இருக்கும். சர்வர் மக்கர் பண்ணினால் அரை மணி, ஒரு மணி நேரம் ஜனங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் திரையில் மீன் நீந்தினால் சின்னப் பிள்ளைகள் அழாமல் இருக்குமே என்று தோன்றியது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் சிலர் கம்ப்யூட்டரில், கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் அப்படி ஒரு மீன்தொட்டி ஸ்க்ரீன்சேவராக ஓடும், பார்த்திருப்பீர்கள். அந்த ஆசைதான்.

தேடியதும் மேலே வந்த தளத்தைத் திறந்தேன். ஒரே பக்கத்தில் நாலு 'டவுன்லோட்' பட்டன். பச்சையில் பெரிதாக இருந்ததை அழுத்தினேன். அப்புறம் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ. நடுவில் ஏதேதோ கட்டங்களில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது, நான் படிக்கவில்லை. இதை நிறுவ அனுமதிக்கலாமா என்று விண்டோஸும் ஒருமுறை கேட்டது. வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை என்று மஞ்சள் பட்டையோடு சொன்னது. யெஸ் கொடுத்தேன்.

மீன் வந்தது. நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் திரையின் குறுக்கே 'ட்ரயல்' என்று பட்டையாக எழுத்து. அதை எடுக்க 899 ரூபாய். தளத்தில் 'இலவசம்' என்று போட்டிருந்தானே என்று கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பெஞ்சில் இருந்த பிள்ளைகள் அதற்குள் மீனை எண்ண ஆரம்பித்திருந்தார்கள். சரி, ஒரு தடவைதானே என்று டெபிட் கார்டு நம்பரைப் போட்டேன், ஓடிபியையும் போட்டேன்.

நான்காம் நாளில் இருந்து சனியன் பிடித்தது. பிரவுசரைத் திறந்தால் நான் வைத்திருந்த முகப்பு இல்லை, வேறு ஏதோ தேடுபொறி. திரையின் வலது மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள்" என்று சிவப்பாக ஒரு பெட்டி, கீழே கூப்பிடச் சொல்லி ஒரு போன் நம்பர். நல்லவேளை, அதற்குக் கூப்பிடவில்லை. அந்த அளவுக்காவது அறிவு இருந்தது.

சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, "விண்டோஸ் கரப்ட் ஆயிருச்சுண்ணே, எல்லாம் சரி பண்ணிட்டேன்" என்று 1,200 ரூபாய் வாங்கினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வால்பேப்பர் மாறியிருந்தது. மூலையில் அதே சிவப்புப் பெட்டி. என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு பில்லும் இல்லை, பதிலும் இல்லை.

கடைசியில் பிடித்தது அக்கா மகள். கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வந்ததும் முதல் வேலையாக நெட் கேபிளைப் பிடுங்கினாள். "மாமா, ஸ்க்ரீன்சேவர்னா படம்னு நெனச்சீங்களா?" என்று கேட்டாள். அப்படித்தான் நினைத்திருந்தேன். வால்பேப்பர் படம்; ஸ்க்ரீன்சேவர் முழு ப்ரோக்ராம். எஸ்சிஆர் என்று முடியும் கோப்பு, பெயர் மாற்றி வைத்த எக்ஸ்இ கோப்பேதான், அதாவது மென்பொருளை ஓட்டும் கோப்பு. டபுள் கிளிக் செய்தால் எந்த மென்பொருளையும் போல ஓடும், நமக்கு இருக்கும் அனுமதியெல்லாம் அதற்கும் இருக்கும். அதிலும் இதற்கு ஒரு விசேஷம்: நாம் மவுஸைத் தொடாத நேரம் பார்த்து விண்டோஸே அதைத் தட்டி எழுப்பும். நான் டீ குடிக்கப் போன நேரமெல்லாம் என் கம்ப்யூட்டரில் முன்பின் தெரியாத ஒருத்தன் எழுதிய ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருந்தது. ஃபேன் ஏன் அப்படி இரைந்தது என்று அப்போதுதான் யோசித்தேன்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' போய் கோப்புப் பெயரின் நீட்சி, அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகள், தெரியும்படி டிக் போட்டாள். விண்டோஸ் அதை வழக்கமாக மறைத்தே வைத்திருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மீன் படம் என்று நான் நினைத்திருந்த ஒரு கோப்பு இருந்தது. இப்போது பார்த்தால் அதன் பெயர் ஜேபிஜி என்று முடியவில்லை. ஜேபிஜிக்குப் பின்னால் ஒரு புள்ளி, அப்புறம் எஸ்சிஆர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதே ஃபோல்டரில்தான் வாடிக்கையாளர்களின் ஆதார், வங்கிப் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் கிடந்தன.

அவள் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஆப்ஸ் பட்டியலைத் தேதிப்படி அடுக்கி, அன்றைக்கு வந்து இறங்கிய மூன்று மென்பொருட்களை நீக்கினாள். மீனோடு இரண்டு ஓசியாக வந்திருக்கின்றன, அந்த டிக் போட்ட கட்டங்களின் புண்ணியம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியில் ஒன்றை நிறுத்தினாள். பிரவுசரில் நான் போடாத ஓர் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்) இருந்தது, அதுவும் போனது. அந்த வைரஸ் பெட்டி வைரஸே இல்லையாம். ஏதோ ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா என்று கேட்டபோது நானே 'அலௌ' கொடுத்திருக்கிறேன். பிரவுசர் செட்டிங்ஸில் அந்தத் தளத்தை நீக்கியதும் நின்றுவிட்டது. 1,200 ரூபாய் வாங்கியவர் இதையாவது பார்த்திருக்கலாம். கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கம்ப்யூட்டரே அணைந்து எழுந்து கால் மணி நேரம் தேடும். பாஸ்வேர்டுகளை எல்லாம் வேறு போனில் இருந்து மாற்றினோம்.

காசு விஷயம் அதோடு முடியவில்லை. ஒரு மாதம் ஆகும் நேரத்தில் வங்கியில் இருந்து எஸ்எம்எஸ்: நாளை உங்கள் கார்டில் இருந்து 2,499 ரூபாய் எடுக்கப்படும் என்று. அன்றைக்கு நான் போட்ட ஓடிபி 899 ரூபாய்க்கு மட்டும் இல்லை, மாதாமாதம் எடுத்துக்கொள்ளவும் சேர்த்துத்தான். ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபரில் இருந்து இப்படிப்பட்ட தானியங்கிப் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகவே தகவல் வர வேண்டும். அந்த எஸ்எம்எஸ்ஸை விளம்பரம் என்று தள்ளிவிடாதீர்கள். வங்கி செயலியில் கார்டு பகுதியில் இ-மேண்டேட் (தானியங்கிப் பிடித்தத்துக்கு நாம் கொடுத்த ஒப்புதல்) பட்டியலைத் தேடி அன்றிரவே ரத்து செய்தேன். 2,499 தப்பியது. 899 தப்பவில்லை, ஓடிபி நீங்களே கொடுத்ததுதானே என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். புகார் எண் வந்திருக்கிறது, காசு வரவில்லை.

இதில் ரொம்பக் கடுப்பு எது தெரியுமா? எனக்கு வேண்டியது முதலிலேயே கம்ப்யூட்டருக்குள் இருந்தது. செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், லாக் ஸ்க்ரீன், அதில் கீழே இறங்கினால் ஸ்க்ரீன் சேவர். 3டி டெக்ஸ்டில் கடைப் பெயரையே சுழல விடலாம். 'போட்டோஸ்' எடுத்தால் நம் ஃபோல்டரில் உள்ள மீன் படங்கள் ஒவ்வொன்றாக வரும். கடைக்காரர்கள் 'பபிள்ஸ்' மட்டும் வைக்க வேண்டாம். குமிழி மிதக்கும், பின்னால் திறந்து வைத்த விண்ணப்பம் அப்படியே எல்லோருக்கும் தெரியும். அதே இடத்தில் 'ஆன் ரெசியூம்' என்று தொடங்கும் கட்டத்தில் டிக் போட்டால், திரும்ப வரும்போது பாஸ்வேர்டு கேட்கும். மீன் நீந்தியே ஆக வேண்டும் என்றால் ஒரு மீன்தொட்டி வீடியோவை விஎல்சியில் முழுத் திரையில் லூப் போட்டால் போதும். இப்போது அதைத்தான் ஓட்டுகிறேன்.

பழைய குழாய் மானிட்டர்களில் ஒரே படம் நாள் கணக்கில் நின்றால் திரையில் அச்சு விழுந்துவிடும் என்பதற்காக வந்த சமாச்சாரம் இந்த ஸ்க்ரீன்சேவர். என் கடையில் இருக்கும் எல்சிடிக்கு அந்த அவசியமே இல்லை என்பது தனிக்கதை.

அந்த ஃபோல்டரில் கிடந்த ஸ்கேன்கள் பதினொரு பேருடையவை. வெளியே போனதா இல்லையா தெரியாது, ஆனால் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை. ஒவ்வொருவராகப் போன் செய்து, ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, கடைக்கு வாருங்கள், நானே காசு வாங்காமல் செய்து தருகிறேன் என்றேன். இரண்டு பேர் திட்டினார்கள். திட்டட்டும். ஓய்வூதியத்துக்குப் பதிந்த ஒரு பாட்டி மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுக்குத் தம்பி பூட்டணும்? கடையில திருடனா?" என்றார்.

"திருடன் இல்ல பாட்டி, மீன் படம் போட்டேன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நாளைக்கு வர்றேன், நேர்ல சொல்லு" என்று வைத்துவிட்டார்.