கிட்ஹப்பின் இலவச ஒப்பந்த மாதிரி: கொழும்பில் கையெழுத்திடும் முன் திருத்த வேண்டியவை

"பணிக்காலத்தில் ஊழியர் உருவாக்கும் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்." நியமனக் கடிதத்தில் இப்படி ஒரு வரி இருந்தால், இரவில் வீட்டில் எழுதிய செயலியும் அந்த 'அனைத்தும்' என்ற சொல்லுக்குள் போய்விடும். இதற்குப் பதிலாக முன்வைக்கத் தகுந்தது, மென்பொருள் எழுதுவோர் கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் 2017இல் வெளியிட்ட 'பேலன்ஸ்ட் எம்ப்ளாயீ ஐபி அக்ரிமென்ட்' (ஊழியரின் புலமைச் சொத்து பற்றிய சமநிலை ஒப்பந்தம்). பதிப்புரிமையை முழுவதும் விட்டுக்கொடுக்கும் சிசி ஜீரோ உரிமத்தில் கிடைப்பதால் யாரையும் கேட்காமல் திருத்திப் பயன்படுத்தலாம்.

நிறுவனத்தின் வேலைக்காகவோ அதன் தொழிலோடு தொடர்புபடவோ எழுதியதை மட்டுமே நிறுவனத்துக்குக் கொடுக்கிறது இந்த மாதிரி. சேருமுன் எழுதியதையும் விலகியபின் எழுதுவதையும் தொடுவதில்லை. ஓய்வுநேரத்தில் அலுவலக மடிக்கணினியில் எழுதினார் என்பதற்காக மட்டும் உரிமை கோருவதுமில்லை. கலிபோர்னியாவின் தொழிற்சட்டம் 2870ஆம் பிரிவுகூட இந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. இதன் மிகப் பெரிய பலம் இதுதான்.

ஆனால் இந்த மாதிரி அமெரிக்கச் சூழலுக்கு எழுதப்பட்டது. இலங்கையில் பொருந்துவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 14ஆம் பிரிவின்படி, ஊழியர் தன் பணியின்போது உருவாக்கியதன் பொருளாதார உரிமை (நகலெடுக்கவும் விற்கவும் உள்ள உரிமை), ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், தொழில்தருநருக்கே. எழுதியவர் என்ற பெயருக்கான உரிமை போன்ற தார்மீக உரிமைகள் மட்டும் 10ஆம் பிரிவின்படி எழுதியவரிடம் நிற்கும்.

பலர் கவனிக்காதது இது: வெளியாளிடம் கேட்டுச் செய்விக்கும் வேலைக்கும் அதே விதிதான். வெள்ளவத்தையில் ஒரு கடைக்காக பில் போடும் மென்பொருள் எழுதும் ஃப்ரீலான்ஸர், "காசு தராவிட்டால் கோட் என்னுடையது" என்று நம்பியிருக்க முடியாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் உரிமை கடைக்காரருக்கு. அதனால் "முழுத்தொகை கிடைக்கும்வரை பொருளாதார உரிமை எழுதியவரிடமே இருக்கும்" என்ற வரியை வேலை தொடங்குமுன் இருவரும் கையெழுத்திட்ட தாளில் சேர்க்க வேண்டும். ஊழியராக இருந்தால், ஒப்பந்தத்தை ஆளுவது இலங்கைச் சட்டம் என்று எழுதி, கொழும்பின் நீதிமன்றப் பகுதியான புதுக்கடையில் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது, ஏற்கெனவே எழுதியவற்றைப் பட்டியலிட்டு ஒப்பந்தத்தோடு சேர்க்கும் இணைப்பு. இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு முறை இல்லை. தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவாவது வர்த்தகக் குறி, காப்புரிமை போன்றவை. முன்பே எழுதியது எது என்பதைக் காட்டும் ஆதாரத்தை நீங்களே உண்டாக்க வேண்டும். ஒவ்வொரு புராஜெக்டுக்கும் பெயர், ரிப்போ (கோடை வைத்திருக்கும் இடம்) முகவரி, கடைசி கமிட்டின் (சேமித்த மாற்றத்தின்) 40 எழுத்து ஹாஷ் (அதன் அடையாளக் குறியீடு), திகதி என ஒரு வரி. கோடில் ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும் என்பதால், பின்னர் எது பழையது என்று வாதாட இடமிருக்காது.

சறுக்குவது பெரும்பாலும், கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' மென்பொருளின் அமைப்பில்தான். அலுவலகக் கணினியில் பொதுவாக வைத்த நிறுவன மின்னஞ்சல், சனிக்கிழமை எழுதிய சொந்தக் கமிட்டிலும் பதிந்துவிடும். சொந்த ரிப்போவுக்குள் போய், கிட் கட்டளையில் 'குளோபல்' சேர்க்காமல் யூசர் இமெயிலைத் தனியாக மாற்றுங்கள். சொந்த லைப்ரரியை நிறுவன மென்பொருளில் சேர்ப்பதென்றால், அதற்கு முன்பே எம்ஐடி போன்ற, யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த உரிமக் கோப்பை அதில் வைத்து, மேலாளரின் சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். இரண்டும் கலந்தபின் பிரிப்பது மிகக் கடினம்.