புது ஆசிரியருக்கு யாரைத் துணையாகப் போடுவது? தலைமையாசிரியர், மூத்தவர், இளையவர், பயிற்றுநர்: ஓர் ஒப்பீடு

ஜூனில் பள்ளி திறக்கிற அன்றே புதிதாகச் சேர்ந்தவருக்குக் கால அட்டவணை, வருகைப் பதிவேடு, பாடநூல், சாக்பீஸ் டப்பா எல்லாம் கைக்கு வந்துவிடும். அவருக்குத் துணையாக யார் என்பது மட்டும் பல பள்ளிகளில் முடிவாகியிருக்காது. "எந்த டவுட்னாலும் தயங்காம கேளுங்க மேடம்" என்று ஸ்டாஃப் ரூமில் ஆளாளுக்குச் சொல்வார்கள். பொறுப்பு எல்லாருக்கும் என்று ஆகிவிட்டால் யாரிடமும் போய் நிற்க முடியாது. காலாண்டுத் தேர்வு முடிவு வரும்போதுதான் அந்த வகுப்பில் என்ன நடந்தது என்று தெரியவரும்.

2015 முதல் பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. கற்பித்தல் பயிற்சிக்கான காலமும் கூடியது. ஆனாலும் பயிற்சியின்போது அந்த வகுப்பு இன்னொருவருடையது. ஒழுங்கு, நோட்டுத் திருத்தம், பெற்றோர், போர்ஷன் என்று எதற்கும் பயிற்சி மாணவர் முழுப்பொறுப்பு ஏற்பதில்லை. சொந்த வகுப்பு என்று வரும்போது இவை அத்தனையும் ஒரே வாரத்தில் தலையில் இறங்கும்.

துணைக்கு ஆள் தேடும் பள்ளிக்கு முன்னால் ஐந்து வழிகள் உண்டு. ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் உரசிப் பார்ப்பதே சரி. இவருக்கு வாரந்தோறும் வந்து உட்கார நேரம் இருக்கிறதா? இவர் பார்த்த குறை, புதியவரின் வேலையையோ சம்பளத்தையோ தொடுமா?

தலைமையாசிரியரே வழிகாட்டினால்

தனியார் பள்ளிகளில் அதிகம் நடப்பது இதுதான். பிரின்சிபால் வகுப்புக்குப் போவார், பின்வரிசையில் உட்காருவார், குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்குவார். இதில் உண்மையான பலம் ஒன்று உண்டு: பார்த்ததைச் சரிசெய்யும் அதிகாரம் அவரிடமே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிரிவை மாற்றிக் கொடுக்கலாம், சப்ஸ்டிட்யூஷனுக்கு, அதாவது வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்க்க, அனுப்பாமல் நிறுத்தலாம், கோபமாக வரும் பெற்றோரைத் தன் அறையிலேயே சமாளிக்கலாம். வேறு எந்தத் துணையாலும் இதெல்லாம் முடியாது.

இரண்டாவது கேள்வியில்தான் இந்த வழி தோற்கிறது. அரசுப் பள்ளியில் புது ஆசிரியருக்குத் தகுதிகாண் பருவம் ஓடிக்கொண்டிருக்கும். அது நல்லபடி முடியத் தலைமையாசிரியரின் அறிக்கை வேண்டும். தனியார் பள்ளியில் ஏப்ரலில் இன்கிரிமெண்ட் இருக்கிறதா, அடுத்த ஆண்டு வேலை இருக்கிறதா என்பதே அவர் கையில். அப்படிப்பட்டவர் பின்வரிசையில் உட்கார்ந்தால் புதியவர் நன்றாகத் தெரிந்த பாடத்தைத்தான் எடுப்பார். நேற்று கேட்ட கேள்வியையே இன்றும் கேட்பார். பதில் தெரிந்த நாலு பிள்ளைகளைத்தான் எழுப்புவார். ஏழாம் 'பி' பிரிவில் மதியத்துக்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை என்பதை அவர் வாயால் சொல்லவே மாட்டார். சொல்லாத குறைக்கு யார் வழிகாட்ட முடியும்?

நேரமும் அப்படித்தான். எமிஸ் எனும் அரசின் பள்ளித் தகவல் தளத்தில் பதிவு, அலுவலகக் கூட்டம், பள்ளி மேலாண்மைக் குழு என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்தால் முதலில் தள்ளிப்போவது இந்த வகுப்புப் பார்வையே.

இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாட்டில் இந்த இரண்டு வேலைகளையும் பிரித்திருக்கிறார்கள். புது ஆசிரியருக்கு இரண்டு ஆண்டு ஆதரவுக் காலம். தவறாமல் உடனிருந்து பேச ஒருவர், முன்னேற்றத்தை மதிப்பிட இன்னொருவர். இருவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. முதல் ஆண்டில் பாடவேளையில் 10 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 5 சதவீதமும் குறைக்கிறார்கள். நம் பள்ளிக் கணக்கில் வாரம் 28 பாடவேளை எடுப்பவருக்கு ஏறக்குறைய 3 பாடவேளை மிச்சம். தலைமையாசிரியர் செய்ய வேண்டிய வேலையும் அதுதான்: நேரத்தை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு உரையாடலிலிருந்து விலகி நிற்பது.

அதே பாடத்து மூத்தவர்

ஒரே ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். காரணம் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஏழாம் வகுப்பில் முழுக்களின் பெருக்கல் முடிந்த மறுவாரம் பிள்ளைகளின் நோட்டில் −3 −5 = +8 என்று வரத் தொடங்கும். "மைனஸும் மைனஸும் பிளஸ்" என்று பெருக்கலுக்குச் சொன்ன விதியைக் கூட்டலுக்கும் போட்டிருப்பார்கள். புதியவர் இதைக் கவனக்குறைவு என்று நினைத்துச் சிவப்பு மையில் தவறு போட்டு மூன்று தடவை எழுதி வரச் சொல்வார். கணக்கையே பல ஆண்டு எடுத்தவருக்கு இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எண்கோட்டில் பூச்சியத்திலிருந்து இடப்பக்கம் மூன்று, பிறகு இன்னும் ஐந்து நடக்கச் சொல்லிக் கொடுங்கள், விதியை அப்புறம் பார்க்கலாம் என்பார். தமிழோ வரலாறோ எடுப்பவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அந்த வகுப்பில் சத்தம் கூடியதையும் குறைந்ததையும்தான் பார்ப்பார். நோட்டில் இருக்கும் +8 அவர் கண்ணில் படாது.

ஆனால் மூத்தவர்கள் எல்லாருமே இதற்குப் பொருந்துவதில்லை. மூன்று இடத்தில் இந்த ஏற்பாடு சறுக்கும்.

முதலாவது, பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எடுப்பவரைப் போடுவது. அரையாண்டு நெருங்கினால் அவருக்கு மாலைச் சிறப்பு வகுப்பு, ஸ்லிப் டெஸ்ட், ரிவிஷன் என்று மூச்சுவிட நேரமிருக்காது. ஆறு முதல் ஒன்பது வரை எடுக்கும் மூத்தவரே இதற்கு ஏற்றவர்.

இரண்டாவது, "என் வகுப்புல சத்தமே வராது" என்பவரைப் போடுவது. அவர் வகுப்பு அமைதியாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அவருடைய பெயர். அவரிடம் அக்காவும் அண்ணனும் படித்த பிள்ளைகள் பயத்தோடுதான் உள்ளேயே வருவார்கள். புதியவர் அதே குரலை உயர்த்திப் பார்த்தால் முதல் வாரம் எடுபடும், மூன்றாம் வாரம் சிரிப்பார்கள்.

மூன்றாவது, நீண்ட அனுபவம். தான் செய்வதைப் படிப்படியாகச் சொல்ல இவருக்கு வராது. கை தானாகச் செய்கிறது. அதனால் "என் கிளாஸை வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பயனில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி கொடுத்து அனுப்ப வேண்டும். உதாரணமாக: "நான் கேள்வி கேட்டதுக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் விட்டேன்னு எண்ணுங்க."

வாரத்துக்கு இவ்வளவு போதும்: மூத்தவர் புதியவரின் வகுப்பில் ஒரு பாடவேளை, புதியவர் மூத்தவரின் வகுப்பில் ஒரு பாடவேளை, இருவரும் சேர்ந்து பேச ஒரு பாடவேளை. ஆளுக்கு இரண்டு பாடவேளை செலவு. இதைச் சொந்த ஓய்வு வேளையிலிருந்து எடுக்கச் சொன்னால் ஜூலையோடு நின்றுவிடும். கால அட்டவணை போடும்போதே இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓர் ஓய்வு வேளை விழும்படி போட வேண்டும். அந்த வேளையில் இருவரையும் சப்ஸ்டிட்யூஷனுக்கு அனுப்பக் கூடாது.

வகுப்பில் உட்காரும்போது ஒரு தாளை மூன்று பத்தியாகப் பிரித்துக்கொள்ளலாம்: நேரம், ஆசிரியர் செய்தது, பிள்ளைகள் செய்தது. கருத்து எதுவும் எழுதக் கூடாது. 40 நிமிட வேளையின் தாளில் இப்படி இருக்கும்: "10.05 – வருகை. 10.12 – பலகையில் தலைப்பு. 10.20 – 'புரிஞ்சுதா?' 'புரிஞ்சுது மிஸ்'. 10.21 – அடுத்த கணக்கு. கடைசி இரு பெஞ்ச் முதல் கணக்கை எழுதவில்லை."

அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாளுக்குள், தாளைப் புதியவர் கையில் கொடுத்து "இதுல உங்களுக்கு என்ன தெரியுது மேடம்?" என்று கேட்டால் போதும். பெரும்பாலும் அவரே 'புரிஞ்சுதா?'வில் வந்து நிற்பார். அந்தக் கேள்விக்கு வகுப்பு மொத்தமும் சேர்ந்து சொல்லும் 'புரிஞ்சுது'வை வைத்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அதற்குப் பதிலாக ஒரு சிறு கணக்கைப் பலகையில் போட்டு விடையை ரஃப் நோட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லலாம். யாருக்கு வரவில்லை என்பது உடனே தெரிந்துவிடும். அடுத்த வாரம் இந்த ஒன்றை மட்டும் மாற்றட்டும். வருகைக்குப் போன 7 நிமிடம், கடைசி பெஞ்ச் எல்லாம் அடுத்தடுத்த வாரத்துக்கு. ஒரே மூச்சில் ஏழு குறை சொன்னால் மனம் சோர்வதுதான் மிச்சம், ஒன்றும் மாறாது.

அந்தத் தாள் புதியவரிடமே இருக்க வேண்டும். அலுவலகக் கோப்புக்குப் போனால் மூத்தவரும் இன்னொரு மேலதிகாரிதான்.

மூன்று, நான்கு ஆண்டு முன்பு சேர்ந்தவர்

இவரிடம் பாட ஆழம் குறைவாக இருக்கலாம், நினைவு புதிதாக இருக்கும். சி.எல். லெட்டர் யாரிடம் கொடுப்பது, செயலியில் வருகை பதிவாகவில்லை என்றால் என்ன செய்வது, எந்தப் பையனுக்கு வீட்டில் என்ன பிரச்சினை என்று மூத்தவரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவற்றை இவரிடம் டீ குடிக்கும்போதே கேட்டுவிடலாம்.

நோட்டுத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பிரிவு, பிரிவுக்கு 40 பேர் என்றால் 200 நோட்டு. ஒன்றுக்கு 2 நிமிடம் வைத்தாலும் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். புதியவர் இதை மூட்டை கட்டி ஞாயிற்றுக்கிழமைக்கு வீட்டுக்குக் கொண்டுபோவார். நாலு வருடம் இதில் அடிபட்டவர் வேறு வழி சொல்வார்: பிள்ளைகள் கணக்குப் போடும் கடைசிப் பத்து நிமிடத்தில் சிவப்புப் பேனாவோடு வகுப்பைச் சுற்றி 8 நோட்டைப் பாருங்கள், வாரத்தில் ஐந்து வேளை இருந்தால் 40 பேரும் முடிந்துவிடும். தவறு செய்த பிள்ளை பக்கத்திலேயே இருப்பதால் அங்கேயே திருத்தியும் விடலாம்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. குறுக்குவழிகள் வேகமாகப் பரவுவது இந்த வழியாகவே. "இந்த லெசன்ல அஞ்சு கேள்விதான் வரும், கைடுல இருக்கறதை எழுதிப் போடுங்க, போர்ஷன் முடிஞ்சிடும்" என்ற யோசனையும் இவரிடமிருந்து வரலாம். நிர்வாகத்தின் மீதுள்ள வருத்தமும் சேர்ந்தே வரும். ஆகவே இவரை இரண்டாவது துணையாக வையுங்கள். பாடம் பற்றிய பேச்சு மூத்தவரிடமே இருக்கட்டும்.

வெளியிலிருந்து வரும் பயிற்றுநர்

அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வருவார். பல பள்ளிகளைப் பார்ப்பவர் என்பதால் ஒரு பள்ளியின் பழக்கத்துக்குள் அடைபடாதவர். 2022இல் அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கிய பிறகு தொடக்கப் பள்ளிகளில் இவரது பங்கு இன்னும் கூடியது. ஒரே அறையில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்துவது புதியவருக்கு எளிதில் பிடிபடாது; ஒரு குழுவுக்கு என்ன வேலை கொடுத்துவிட்டு அடுத்த குழுவுக்கு நகர்வது என்று செய்துகாட்ட இவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. ஆனால் கையில் செயலியும் நிரப்ப வேண்டிய படிவமும் இருக்கும். அடுத்த வருகை எப்போது என்று உறுதியில்லை. ஒரு குறிப்பிட்ட திறனைக் கற்றுக்கொள்ள இவர் போதும், வாராந்தரத் துணைக்கு இவரை நம்ப முடியாது.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டொலிடோ நகரில் 1981இல் தொடங்கிய முறை இங்கே நினைவுக்கு வர வேண்டியது. அங்கே அனுபவமுள்ள ஆசிரியரை வகுப்பிலிருந்து முழுநேரமாக விடுவித்துப் புதியவர்களுக்கு வழிகாட்டவும், அவர்களை மதிப்பிடவும் அனுப்புகிறார்கள். மதிப்பிடுபவர் துணையாக இருக்கக் கூடாது என்ற வாதத்துக்கு இது நேர் எதிர். அது அங்கே நிலைத்ததற்குக் காரணங்கள் உண்டு: வருபவரும் ஆசிரியரே, அவருக்கு வேறு வேலை இல்லை, பரிந்துரையைப் பரிசீலிப்பது ஆசிரியர் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்த குழு. இவை மூன்றும் இல்லாத இடத்தில் இரண்டு வேலையையும் ஒருவரிடம் கொடுப்பது சரிப்படாது.

குழுவாகப் பாடம் பார்ப்பது

இது ஜப்பானியப் பள்ளிகளில் நெடுங்காலப் பழக்கம். ஒரு பாடத்தை நாலைந்து பேர் சேர்ந்து திட்டமிடுவார்கள், ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்துவிட்டு உட்கார்ந்து பேசுவார்கள். பாடம் எல்லாருக்கும் சொந்தம் என்பதால் எடுத்தவர் மீது பழி விழாது. ஆனால் முதல் பருவத்திலேயே புதியவரை எடுக்க விட வேண்டாம். ஐந்து பேர் சுற்றி நிற்க வகுப்பெடுப்பது அப்போது அவருக்குத் தண்டனை. முதலில் பார்ப்பவராக இருக்கட்டும், அரையாண்டுக்குப் பிறகு எடுக்கட்டும்.

எந்தப் பள்ளிக்கு எது

ஒரு பாடத்துக்கு மூன்று பேராவது இருக்கும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால்: அதே பாடத்து மூத்தவர் முதல் துணை, இளையவர் இரண்டாம் துணை, தலைமையாசிரியர் நேரத்துக்கும் மதிப்பீட்டுக்கும் பொறுப்பு. பாடத்துக்கு ஒருவரே உள்ள நடுநிலைப் பள்ளியில் வகுப்பு நடத்தும் முறைக்கு உள்ளூர்த் துணை ஒருவர் போதும். பாடத்துக்கு, அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பேர் சொல்லி இணைத்துவிட வேண்டும். "ஏதாவது வேணும்னா குரூப்ல கேளுங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவது இணைப்பு ஆகாது. நூறு பேர் பார்க்கும் இடத்தில் −3 −5 பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

ஈராசிரியர் பள்ளியில் சிக்கல் அதிகம். இருக்கும் இன்னொருவர்தான் தலைமையாசிரியர்; ஒருவர் அடுத்தவர் வகுப்பில் போய் உட்கார்ந்தால் இவருடைய பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. அங்கே இரு வகுப்பையும் வாரம் ஒரு வேளை ஒன்றாக உட்கார வைத்து, ஒருவர் எடுக்க மற்றவர் பார்ப்பது ஒன்றே நடைமுறையில் ஓடும். பார்த்ததைப் பதிவேட்டில் எழுதமாட்டேன் என்று தலைமையாசிரியர் முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடவும் வேண்டும்.

எந்த ஜோடியாக இருந்தாலும் காலாண்டு விடுமுறைக்கு முன் ஒருமுறை இருவரையும் தனித்தனியே கேளுங்கள்: கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினீர்கள், அதற்குப் பிறகு வகுப்பில் எதை மாற்றினீர்கள்? இரண்டுக்கும் குறிப்பான பதில் வராவிட்டால், காரணம் தேடாமல், யார் மீதும் குறை சொல்லாமல், விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து துணையை மாற்றிவிடுங்கள்.