முட்டி தேயாத கால்சட்டை: என் மகன் படிக்கும் பள்ளியைப் பற்றி

திண்டுக்கல்லில் வரும் ஜூன் மாதத்துக்குப் பள்ளி தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகன் இந்த மெட்ரிக் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிக்கிறான். இப்போது நான்காம் வகுப்பு முடிக்கப் போகிறான். மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும் என்பதால் நானும் உங்களைப் போலவே யோசனையில் இருக்கிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. பிள்ளை நாளைக்கும் அந்த வாசலுக்குள்தான் போக வேண்டும்.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ் நன்றாகச் சொல்லித் தருகிறார்கள். ரகர றகரத்தை என் மகன் எழுத்திலும் தவறவிடுவதில்லை, வாயிலும் தவறவிடுவதில்லை. கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. வேனில் ஆயா இல்லாமல் வண்டி கிளம்பாது. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது தருகிறார்கள். ஆசிரியைகள் பிள்ளைகளை அடிப்பதில்லை.

எனக்குக் குறை ஒன்றுதான், ஆனால் அது பெரிய குறை. இந்தப் பள்ளியில் பிள்ளைகள் ஓடக் கூடாது.

சென்ற ஆகஸ்டில் மதிய இடைவேளையின்போது தண்ணீர்த் தொட்டியின் மூலையில் இரண்டு பையன்கள் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு முன்பல் பாதி உடைந்தது. அவன் அப்பா வந்து அலுவலகத்தில் பெரிய சத்தம் போட்டார். மறுவாரம் எல்லாப் பிள்ளைகளின் டைரியிலும் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டிருந்தது: இடைவேளைகளில் ஓடுவதற்கும் துரத்துவதற்கும் குதிப்பதற்கும் பந்து எறிவதற்கும் அனுமதி இல்லை. பெற்றோர் கையொப்பம் இட வேண்டிய இடத்தில் நானும் போட்டு அனுப்பினேன். அன்றைக்கு அடுப்பில் பால் இருந்தது, படித்துப் பார்க்கவில்லை. அந்தக் கையொப்பத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது.

நான் தையல்காரி. வீட்டு முன்னறையில் 14 ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் சீருடை தைத்து மாளாது. தீபாவளி கழிந்ததும் அதே துணிகள் ரிப்பேருக்கு வரத் தொடங்கும். எந்தப் பள்ளியின் துணி எந்த இடத்தில் கிழிந்து வரும் என்பது என் கைக்குத் தெரியும். எங்கள் தெரு முனையில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளியின் கால்சட்டைகள் முட்டியில் நூல் நூலாகப் பிரிந்து வரும். சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் துணியோடு பிய்ந்திருக்கும். ஓடுகிறவனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தால் அதுதான் முதலில் போகும். பையைத் திருப்பினால் புளியங்கொட்டையும் செம்மண்ணும் கொட்டும்.

என் மகன் பள்ளித் துணிகள் இந்த ஆண்டு அப்படி வரவில்லை. உயரம் கூடியதால் கீழ்மடிப்பைப் பிரித்துவிடக் கொண்டு வந்தார்கள். இடுப்பு கூடியதால் பின் தையலைப் பிரித்துவிடக் கொண்டு வந்தார்கள். கிழிசல் என்று ஒருவரும் வரவில்லை. ஜனவரியில் ஒருநாள் இஸ்திரி போடும்போது மகனின் கால்சட்டையைக் கவனித்தேன். ஜூனில் தைத்தபோது முட்டியின் உள்பக்கம் நான் வைத்த ஒட்டுத்துணி அப்படியே இருந்தது. முட்டியில் நிறம்கூட மங்கவில்லை. உட்காரும் இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. ஏழு மாதம் என் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை அந்தத் துணி சொல்லிவிட்டது.

பிப்ரவரியில் அவன் சாப்பாட்டுப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். எடுத்துக்கொண்டு மதிய இடைவேளைக்குப் போனேன். வாட்ச்மேன் அண்ணன் கிரில் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார். அங்கிருந்து பார்த்தால் முற்றமும் வேப்பமரமும் தெரியும்.

மரத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் விறைப்பாக நடந்துகொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, முழங்கால் மடங்காமல், உதட்டைக் கடித்தபடி வேகவேகமாக நடந்தார்கள். ஒரு சிறுமி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பின்னால் வந்த பையன் அவள் முதுகைத் தொட்டதும் அவள் நின்று திரும்பி, அதே விறைப்போடு மற்றவர்களை நோக்கி நடக்கத் தொடங்கினாள். ஓடிப்பிடித்து விளையாட்டு. அதை நடந்தே விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

என் மகனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அந்தச் சிறுமி கையை நீட்டி அவனை நெருங்கியபோது அவன் கால் துள்ளிவிட்டது. மூன்று எட்டு ஓடியிருப்பான். விசில் கேட்டது. அவன் அப்படியே நின்றான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே படிக்கட்டுக்குப் போய், அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இரண்டு பேரின் பக்கத்தில் உட்கார்ந்து, வாயின்மேல் விரலை வைத்துக்கொண்டான். சாப்பாட்டுப் பையை வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவனைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

இரவு சாப்பிடும்போது கேட்டேன். மணி அடிக்கும்வரை உட்கார வேண்டுமாம். இரண்டாவது முறை ஓடினால் மறுநாள் இடைவேளையும் போய்விடுமாம். “நான் நன்றாகத்தான் நடப்பேன் அம்மா, இன்றைக்குக் கால் மறந்துபோய் ஓடிவிட்டது” என்றான். ஒன்பது வயதுப் பையன் ஓடியதற்கு என்னிடம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வகுப்பு ஆசிரியையைப் பார்த்தேன். அவர் மனம் விட்டுப் பேசினார். “எனக்கும் பிடிக்கவில்லை அம்மா. ஆனால் ஒரு பிள்ளை விழுந்தால் நிற்க வேண்டியது நான்தான். பள்ளிக்கே ஓர் உடற்கல்வி ஆசிரியர்தான் இருக்கிறார்” என்றார். தலைமையாசிரியை, “இன்னொரு பல் உடைந்தால் அந்தப் பெற்றோருக்கு நீங்கள் பதில் சொல்வீர்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் முட்டியில் சிராய்ப்பு என்றால் அலுவலகத்தில் போய்க் கத்துவதும் பெற்றோராகிய நாம்தான். நாம் கத்தக் கத்த அவர்கள் ஒவ்வொன்றாகப் பூட்டுகிறார்கள். ஆனால் பள்ளிக்குப் பின்னால் ஒரு நல்ல மண் மைதானம் இருக்கிறது. பகலெல்லாம் அதன் கேட் பூட்டியிருக்கும். மாலை நான்கரைக்குத் திறந்து, மாதக் கட்டணம் கட்டியவர்களுக்குக் கிரிக்கெட் பயிற்சி நடத்துகிறார்கள். அங்கே விழுகிற பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு பல இரவுகள் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளிக்கு இருக்க வேண்டியவையாகக் குடிநீர், கழிப்பறை ஆகியவற்றோடு விளையாட்டு மைதானமும் சொல்லப்பட்டிருக்கிறது. பூட்டி வைக்கவா அந்த மைதானம்? 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகள் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது ஓடியாடி உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் மகனின் நாளைக் கணக்குப் போட்டேன். காலை 7.45க்கு வேன். திரும்பி வர 4.40. ஐந்தரைக்கு டியூஷன். ஏழு மணிக்கு வெளியே வந்தால் இருட்டு, தெருவில் பைக்குகள். வாரத்தில் இரண்டு விளையாட்டு பீரியட். அதில் ஒன்றைப் பெரும்பாலும் கணக்கு எடுத்துக்கொள்ளும். அவன் ஓடுவதற்கு மிச்சமிருந்தது அந்த மதிய இடைவேளை மட்டும்தான்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆட்டில்பரோ நகரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்று 2006இல் இதே ஓடிப்பிடித்து விளையாட்டைத் தடை செய்தது. காரணமும் இதேதான்: அடிபட்டுவிடும், பள்ளிமேல் பழி வரும். அதே நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு, இடைவேளையைத் தண்டனையாகப் பறிக்கக் கூடாது என்று 2013இல் அறிக்கை வெளியிட்டது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஸ்வான்சன் தொடக்கப்பள்ளியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்காக இடைவேளை விதிகளை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் மரம் ஏறினார்கள், மண்ணில் புரண்டார்கள். பலமான அடிகளும் ஒருவரை ஒருவர் கொடுமை செய்வதும் குறைந்தன என்று அந்தத் தலைமையாசிரியரே சொன்னார். இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு கடிதம் எழுதினேன். குறை சொல்வதோடு நிறுத்தவில்லை. என்ன செய்யலாம் என்பதையும் எழுதினேன். மோதல் நடந்தது தண்ணீர்த் தொட்டியின் மூலையில். அந்தப் பக்கமிருந்து வருபவர் இந்தப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த மூலையில் மட்டும் ஓடக் கூடாது என்று ஒரு கோடு போடுங்கள். பின் மைதானத்தைத் திறந்துவிடுங்கள். சிறியவர்களையும் பெரியவர்களையும் வேறு வேறு நேரத்தில் விடுங்கள். கோகோ சொல்லிக் கொடுங்கள். கோகோவில் எட்டுப் பேர் மாறி மாறித் திசை பார்த்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். துரத்துபவர் எடுத்த திசையிலிருந்து திரும்பக் கூடாது, நடுக்கோட்டைக் குறுக்கே தாண்டவும் கூடாது. கண்டபடி ஓடி முட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. சிறு வயதில் நத்தத்தில் அரசுப் பள்ளியில் நான் விளையாடியது அது. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், ஒரு பைசா செலவு இல்லை.

கடிதத்தைக் கடைக்கு வரும் தாய்மார்களிடம் படித்துக் காட்டினேன். 23 பேர் கையொப்பம் போட்டார்கள். “விழுந்தால் பள்ளியைக் குறை சொல்ல மாட்டோம்” என்ற வரியைச் சேர்க்கச் சொன்னவர் ஒரு பாட்டி. கவனக்குறைவாக இருந்தால் கேட்போம், சாதாரணமாக விழுந்தால் கேட்க மாட்டோம் என்று திருத்தி எழுதிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு வழி பிறந்தது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை, புதன்கிழமை மதிய இடைவேளையில் மட்டும், இரண்டு ஆசிரியைகளின் கண்பார்வையில் பின் மைதானத்தில் ஓடலாம். இதுவரை நான்கு புதன்கிழமைகள் ஆகிவிட்டன. கோகோ இன்னும் தொடங்கவில்லை. கல்லா மண்ணாவும் திருடன் போலீஸும் நடக்கின்றன. மூன்றாவது புதன்கிழமை என் மகன் வலது முட்டியில் ஓர் அங்குலக் கிழிசலோடு வந்தான். உள்ளே தோலும் சிராய்த்திருந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டேன். எப்படி விழுந்தான், யார் துரத்தியது, எழுந்து எப்படித் தப்பித்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தோசை ஆறிப்போனது. துணியை உள்பக்கமாக ஒட்டுக்கொடுத்து இரட்டைத் தையல் போட்டேன்.

மற்ற நாட்களில் விசில் தொடர்கிறது. படிக்கட்டில் விரலை வாயில் வைத்து உட்கார வைப்பதும் தொடர்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதன்கிழமையும் இல்லை.

படிப்புக்கும் சுத்தத்துக்கும் நான் குறைக்க மாட்டேன். விளையாட்டுக்காகக் குறைக்கிறேன்: 5க்கு 3. இந்தப் பள்ளிக்கானாலும் வேறு பள்ளிக்கானாலும் விண்ணப்பம் வாங்கப் போகிறவர்கள் காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். மதிய இடைவேளைக்குப் போய்க் கேட்டில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். மைதானம் எத்தனை ஏக்கர் என்று கேட்காமல், அதன் சாவி யாரிடம் இருக்கிறது, எப்போது திறப்பார்கள் என்று கேளுங்கள். டைரியில் வருவதைப் படித்துவிட்டுக் கையொப்பம் இடுங்கள்.

மகளுக்கான விண்ணப்பத்தை நிரப்பித் தையல் மிஷினின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மே மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. புதன்கிழமைக்குக் கிடைத்தது மற்ற நாட்களுக்கும் சிறியவர்களுக்கும் கிடைக்குமா என்று தலைமையாசிரியையிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்த பிறகு கொண்டுபோய்க் கொடுப்பதா என்று முடிவு செய்வேன்.