அயனைசர் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்

அயனைசர் என்ற காற்றைச் சுத்தம் செய்யும் மெஷினை எனக்கு விற்ற கடையில் இன்று மதியம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். இன்னும் கோபம் அடங்கவில்லை. ஆனால் அந்தக் கடை வாசலில் இன்றும் அதே டெமோவைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் உடனே எழுதுகிறேன்.

எங்கள் வீடு சென்னையில் கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்குப் பக்கம். அங்கே தீப்பிடித்தால் ஜன்னலைச் சாத்தினாலும் புகை உள்ளே வந்துவிடும். அம்மாவுக்கு வீசிங் உண்டு. அதற்காகத்தான் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் கேட்டு ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடைக்குப் போனோம்.

விற்பனைப் பையன் முதலில் அம்மாவுக்கு நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். "மூச்சுத் திணறல் எத்தனை வருஷமா இருக்கும்மா?" என்று பொறுமையாகக் கேட்டான். அப்புறம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஊதுபத்தியைக் கொளுத்திப் புகையை நிரப்பி, அயனைசரை ஆன் செய்தான். நொடியில் புகை காணாமல் போனது. "ஃபில்டரே கிடையாதும்மா, மாத்துற செலவும் இல்ல. எங்க பாட்டி ரூம்லயும் இதான் ஓடுது" என்றான். அந்தப் பாட்டி பேச்சில்தான் அம்மா நம்பினார். 12,800 ரூபாய். அங்கேயே கார்டில் கட்டினேன்.

அந்தப் புகை எங்கேயும் போய்விடவில்லை. மெஷின் விடும் அயனிகள், அதாவது மின்னேற்றம் கொண்ட நுண்துகள்கள், புகைத்துகளுக்கு மின்னேற்றம் கொடுக்கின்றன. அது போய்ப் பக்கத்தில் இருக்கும் பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. சின்னப் பெட்டியில் நாலாபக்கமும் கண்ணாடி, அதனால் சட்டென்று படிந்துவிடும். வீட்டில் அது சுவரிலும் தலையணை உறையிலும் படிகிறது. ஃபேன் ஓடும்போதும் படுக்கையைத் தட்டும்போதும் மறுபடி கிளம்புகிறது. மெஷினுக்குப் பின்னால் எங்கள் சுவரே கறுத்துவிட்டது.

அதைவிடக் கொடுமை அந்த வாடை. ராத்திரி அறையைச் சாத்தினால் ஜெராக்ஸ் கடைக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். அம்மாவின் இருமல் குறையவில்லை, கூடியது. டாக்டர் கேட்டதுமே, "முதலில் அந்த பிளக்கைப் பிடுங்குங்கள்" என்றார். அந்த வாடை ஓசோன் வாயுவுடையது. அயனைசரின் ஊசிமுனையில் இருக்கும் உயர் மின்னழுத்தத்தில் ஆக்சிஜன் ஓசோனாக மாறும். ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது. கலிபோர்னியாவில் இந்த மாதிரி மெஷின்கள் 0.050 பிபிஎம்முக்கு (காற்றில் பத்து லட்சத்தில் 0.050 பங்கு) மேல் ஓசோன் விடக்கூடாது என்று விதியே இருக்கிறது. எங்கள் பெட்டியில் ஓசோன் என்ற சொல்லே இல்லை.

கடைக்கு போன் செய்தால், "புது மெஷின் வாசனை மேடம், போகப் போகச் சரியாயிடும்" என்றார்கள். திரும்பக் கேட்டால் சர்வீஸ் சென்டரைக் கைகாட்டினார்கள். அங்கே, "மெஷின் நல்லாத்தானே ஓடுது, என்னன்னு கம்ப்ளெயின்ட் எழுதுறது?" என்றார்கள். இன்று நேரில் போனால், பெட்டி பிரித்த பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். வேறு மாடல் வாங்கினால் 3,000 ரூபாய் கழித்துத் தருகிறாராம் மேனேஜர். நான் கொடுத்தது 12,800 ரூபாய்! அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்த அந்தப் பையன் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது முடியவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் இல்லாத அயனைசரை மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் அறையில் வைக்காதீர்கள். நுண்ணிய தூசியையும் புகைத்துகளையும் பிடித்து வைக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதை வாங்குங்கள். அதில் அயனைசரும் இருந்தால், தனியாக அணைக்கும் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை கோடி அயனி என்ற கணக்கெல்லாம் வேண்டாம், சிஏடிஆர், அதாவது மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்றைத் தரும் என்ற அளவு, எவ்வளவு என்று கேளுங்கள். 12க்கு 10 அறை, 10 அடி உயரம் என்றால் மணிக்கு 170 கன மீட்டராவது வேண்டும். கண்ணாடிப் பெட்டி டெமோவை நம்பவே நம்பாதீர்கள்.

கடைக்காரர் வாயால் சொல்லும் உறுதிமொழியை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். நான் 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வாங்கி இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம்.