டிஜிட்டல் அனிமாமீட்டர்: வீட்டு நடையில் சரி, நிலக்கரிச் சுரங்கத்தில் கூடாது

அக்கா மகன் மைனிங் டிப்ளமோ முடித்து நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிறான். அவனுக்காகச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கடையில் 3,400 ரூபாய்க்கு, காற்றின் வேகத்தை அளக்கும் இந்தக் காற்றுமானியை வாங்கினேன். நான் கோலார் தங்கவயலில் வென்டிலேஷன் பிரிவில் இருந்தவன். 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு சூரமங்கலம் வந்துவிட்டேன். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறையே அனலாக அடிக்கும். காற்று குறைந்தால் ஆள் முதலில் சோர்ந்து உட்காருவான், பிறகுதான் வாய் திறந்து சொல்வான்.

சாயங்காலம் மலைக்காற்று வரும் நேரமாகப் பார்த்து, முன்வாசல் பின்வாசல் இரண்டையும் திறந்து வைத்து அளந்தோம். கையை நீட்டிப் பிடித்து, ஒரு நிமிடம் மேலும் கீழுமாக நடை முழுக்க மெதுவாக நகர்த்தச் சொன்னேன். மூன்று தடவை எடுத்ததில் சராசரி விநாடிக்கு 0.8 மீட்டர். பையன் நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தான், 0.5-க்கு இறங்கிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவனுக்கு நான் சொன்னது புரிந்தது.

நடையின் பரப்பு 1.89 சதுர மீட்டர். பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 கன மீட்டர். ஆளுக்கு நிமிடத்துக்கு 6 கன மீட்டராவது வேண்டும் என்கிறது நிலக்கரிச் சுரங்க விதி. ஆக, 15 பேருக்குப் போதும். (தினசரி உற்பத்தியில் டன்னுக்கு 2.5 கன மீட்டர் என்று போட்டு அதிகம் வந்தால், அதைத்தான் எடுக்க வேண்டும்.)

குறை ஒன்று: மெல்லிய காற்றுக்குக் கருவியின் விசிறி சுற்றுவதில்லை. பக்கத்தில் ஊதுபத்திப் புகை சாய்ந்து போகிறது, திரையில் பூஜ்யம். அந்த இடத்தில், புகையை விட்டு அது நகரும் வேகத்தைப் பார்க்கிற சின்னப் புகைக்குழாய்தான் நம்பகம்.

எனக்குக் கோபம் வந்தது பெட்டியைப் பார்த்துத்தான். 'சுரங்கங்களுக்கும் ஏற்றது' என்று அச்சடித்திருக்கிறார்கள். கடைக்காரரும் அதையே சொன்னார். நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு சின்னப் பொறி போதும், வெடிக்கும். அங்கே கொண்டுபோகும் மின்கருவிக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். பெட்டியைத் திருப்பித் திருப்பித் தேடினேன், இதில் அப்படி எதுவும் இல்லை.

பழகுவதற்கு வாங்கலாம், காசு வீண் இல்லை. மருமகனிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: இது ரூமோடு நிற்கட்டும்டா, கீழே கம்பெனி கொடுக்கிறதைத்தான் எடுத்துப் போகணும்.